முப்பத்தேழாம் பல்

பாளையங்கோட்டை
3 ஜூன் 2025, செவ்வாய்

பாண்டி,

என் எண்ணை நீ தடுத்து வைத்து ஒன்பது நாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை, உன் கிளினிக்குக்குச் சாமான் கொண்டுவரும் அசன் மைதீன் அண்ணாச்சி வண்டியில் பல் வந்து சேர்ந்தது. பதினான்கு. மனுஷியைத் தடுத்துவிட்டு, உன் நோயாளிகளிடம் பிடுங்கிய பல்லை மட்டும் ஒழுங்காக ஆய்வுக்கு அனுப்பிவைக்கிறாய். உன் கோபத்துக்கும் ஒரு தொழில் ஒழுக்கம் இருக்கிறது.

பல் வந்த டப்பாவிலேயே இதை வைக்கிறேன். டப்பாவைத் திறக்காமல் உன்னால் இருக்க முடியாது.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. கேட்க வேண்டும்தான். அது பிறகு.

பல்லைப் பற்றி. என் பல்லைப் பற்றி. மே இரண்டாம் தேதி நீ திறந்து, பழைய அடைப்பை எடுத்து, வேரைக் கழுவி, வழக்கமான சுண்ணாம்பு மருந்துக்குப் பதிலாக நான் கொண்டுவந்த குப்பியிலிருந்து வைத்தாயே, அந்தப் பல். உன் சீட்டில் 37 என்று எழுதினாய். மருதுப் பட்டைச் சாற்றில் நான் விளைவித்த வெள்ளித் துகள்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு வருடமாக மந்தமாக வலித்த இடம். நாக்கால் தொட்டுப் பார்ப்பேன். அமைதி. ஆய்வகத்தில் இந்த மருந்தை வைத்த இருபத்தொன்பது பிடுங்கிய பற்களில் பார்த்த அமைதி என் வாயிலும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மே இருபதாம் தேதி நீ மேலே வைத்த தற்காலிக அடைப்பில் ஒரு மூலை உடைந்தது. முறுக்கு. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஐந்து நாளாகத் துடிக்கிறது. தாடைக்குக் கீழே ஓர் உருண்டை. புளியங்கொட்டை அளவு. தொட்டால் நகர்கிறது. நகரும்வரை பரவாயில்லை என்று எங்கோ படித்தேன். ஒரு நாளைக்கு நாற்பது முறை நகர்த்திப் பார்க்கிறேன்.

கிருமிகள் வேரின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தங்கள் மேல் வழுவழுப்பாக ஒரு போர்வையை நெய்துகொள்ளும். அந்தப் படலத்தை வளர்ப்பதும் கொல்வதும்தான் மூன்று வருடமாக என் வேலை. மின்னணு நுண்ணோக்கியில் அதைப் பார்த்துப் பழகிய கண். மற்றவர்களுக்குப் பல் வலித்தால் வலி மட்டும்தான். எனக்குப் படமும் தெரிகிறது. கண்ணை மூடினால் இன்னும் தெளிவாக.

மருந்தில் கோளாறா, நீ வைத்ததில் கோளாறா? ஒரு வரி எழுது. வெள்ளிக்கிழமை டப்பாவில்.

கெசியா

*

முக்கூடல்
6.6.25

கெசியா,

இந்த வாரம் ஒன்பது பல். இரண்டில் வேர் உடைந்துவிட்டது, ஆகாது என்றால் ஒதுக்கிவிடு. பீடி சுற்றும் அக்கா ஒருத்தியின் கடைவாய்ப்பல் மட்டும் முழுசாக வந்தது. "பிடுங்குன பல்ல எங்க கொண்டு போறிய டாக்டரே, மாலை கோக்கவா?" என்றாள். படிப்புக்கு என்றேன். "நான் அஞ்சாப்பு தாண்டல. எம்பல்லு காலேசுக்குப் போவுதா" என்று ரத்தம் வழிய வழியச் சிரித்தாள். அவளிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்புகிறேன். ஒவ்வொரு பல்லுக்கும் வாங்குகிறேன். உன் பல்லுக்கு மட்டும்தான் எதுவும் வாங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்பதால்.

அதற்குத்தான் அனுபவிக்கிறேன். கருத்தரங்கில் உன் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டு, "முக்கூடலில் ஒரு தன்னார்வலர்" என்று சொன்னாயாம். முக்கூடலில் பல் டாக்டர் மொத்தம் இரண்டு பேர். இன்னொருவருக்கு எழுபது வயது, அவர் பிடுங்குவதோடு சரி. மறுநாளே எனக்குப் பாடம் எடுத்த ஒருவர் போன் போட்டார். "யாருப்பா அது? அனுமதி எல்லாம் வாங்கியாச்சா?" சாதாரணமாகத்தான் கேட்டார். போனை வைத்ததும் உன் எண்ணைத் தடுத்தேன். மனிதர்மேல் சோதிக்க அனுமதி இல்லாத பொருளை ஒரு மனுஷியின் தாடைக்குள் வைத்தவன் நான். என் பெயர்ப்பலகைக்கு வயது பதினெட்டு மாதம்.

உன் கேள்விக்கு வருகிறேன். பத்தாம் நாள் வா, மருந்தைக் கழுவி எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைக்கணும் என்று சொன்னேனா இல்லையா? வந்தாயா? வலி இல்லை என்றதும் உனக்கு அது பல் இல்லை, முடிவு. ஒரு பக்கம் உடைந்த அடைப்போடு பதினேழு நாள். முறுக்கு தின்றுகொண்டு. உன்னை மாதிரி ஒரு நோயாளி வந்தால் நான் என்ன திட்டு திட்டுவேன் தெரியுமா?

டப்பா மூடியில் 37 என்று நீ எழுதியிருந்ததை அசன் மைதீன் அண்ணாச்சி பார்த்துவிட்டார். "மனுசனுக்கு முப்பத்திரண்டுதான வே? யாரு இந்த முப்பத்தேழு பல்லுக்காரன்?" வாயை நாலு காலாகப் பிரிப்போம், மூன்றாவது காலில் ஏழாவது பல், அதனால் முப்பத்தேழு என்று விளக்கினேன். "இப்பிடிக் குழப்புனாத்தான் நீங்க பீஸு கேக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சுக்கட்டை இறக்கினார்.

சிரிப்பு போதும். உருண்டை நகர்ந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். நகராமல் கல்லாக இறுகினாலோ, வாய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறக்காவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாமல் போனாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கழுத்துக்குள் இறங்கினால் மூச்சை அடைக்கும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. பார்க்க ஆசையும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் வா. கூட்டம் இருக்காது. தடுப்பை இன்னும் எடுக்கவில்லை. கோபம் தீரவில்லை.

செந்தூர்பாண்டி

*

பாளையங்கோட்டை
10 ஜூன், செவ்வாய்

பாண்டி,

நாளை வருகிறேன். அதற்கு முன் ஒன்றை எழுதிவிட வேண்டும். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை.

என் ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஒரே ஒரு கேள்வி. துகள்கள் கிருமியைக் கொல்கின்றன, சரி. கொல்லாத அளவு கொடுத்துப் பழக்கினால் கிருமி பழகிக்கொள்ளுமா? தினம் கொஞ்சம் வெள்ளி. பிழைத்ததை எடுத்து அடுத்த குழாயில் விடுவது. அதில் கொஞ்சம் கூட. அப்படி நாற்பது சுற்று. பழகாது என்று காட்டிவிட்டால் இயல் முடிந்தது.

முப்பத்திரண்டாம் சுற்றில் குழாய் கலங்கியிருந்தது.

தெளிவாக இருக்க வேண்டிய குழாய். விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். என் கை தவறு என்று நினைத்து முதலிலிருந்து செய்தேன். முப்பதாம் சுற்றிலேயே கலங்கியது. வழிகாட்டி மேடத்திடம் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதவில்லை. ஆய்வேட்டில் "வளர்ச்சி இல்லை" என்று தட்டச்சு செய்திருக்கிறேன். அந்தக் குழாய் ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் இருக்கிறது. சிவப்பு மூடி. அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும்.

அடுத்தது அதைவிட அற்பமானது. கிருமி வளர்க்கும் தட்டுகளை மூடியதும் ஓரத்தைச் சுற்றி ஒட்டுநாடா போடுவோம். இரண்டு கையிலும் உறை, ஒரு கையில் தட்டு. நாடாவைப் பல்லால் கடித்துக் கிழிப்பேன். இடது பக்கப் பல்லால். கத்தரிக்கோல் ஆணியில் தொங்குகிறது. யாரும் எடுப்பதில்லை. நாடாச் சுருள் நாள் முழுக்க அந்த மேசையில்தான் கிடக்கும். துளி சிந்தும் மேசை. கையுறையோடு தொடும் சுருள்.

மே இருபதிலிருந்து உடைந்த அடைப்போடு கடித்திருக்கிறேன். சிவப்பு மூடியைத் திறந்த நாட்களிலும்.

யோசித்துப் பார். என் பல்லுக்குள் நாம் வைத்த வெள்ளி இருக்கிறது. அங்கிருந்த மற்ற எல்லாவற்றையும் அது கொன்றிருக்கும். அதனால்தான் அந்த இரண்டு வார அமைதி. வெள்ளிக்குச் சாகாத ஒன்று அதற்குள் போனால் போட்டிக்கு ஆளே கிடையாது. வீட்டைக் காலி செய்து, கழுவித் துடைத்து, நாமே சாவியைக் கொடுத்திருக்கிறோம்.

இது வெறும் பயமாக இருக்கலாம். பார்க்காமல் தெரியாது. நாளை திறக்கும்போது காகிதக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்து என்னிடம் தா. நானே வளர்த்துப் பார்க்கிறேன். வேறு எங்கும் அனுப்பாதே.

படித்ததும் இதைக் கிழித்துவிடு. போனில் எழுதாமல் காகிதத்தில் எழுதுவதற்கு முதலில் உன் கோபம் காரணமாக இருந்தது. இப்போது அது மட்டும் இல்லை.

கெசியா

*

முக்கூடல்
13.6.25

கெசியா,

கிழித்துவிட்டேன். கிழித்ததைக் குப்பையில் போடாமல் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதைச் செய்தபோதுதான் நாம் எந்த நிலைமையில் இருக்கிறோம் என்று உறைத்தது.

புதன்கிழமை நீ போன பிறகு நாற்காலியை மூன்று தடவை துடைத்தேன். பல்லைத் திறந்ததும் வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. சீழோடு உன் மருந்தின் பழுப்பு நிறமும் வந்தது. நாற்பது நாள் கழித்தும் அது அங்கேயே இருந்திருக்கிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பைபிள் சங்கீதம் முணுமுணுத்தாய். வாயில் என் விரல் இருந்ததால் எத்தனையாவது சங்கீதம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கழுவ முடிந்தவரை கழுவியிருக்கிறேன். சீழ் வடிவதற்காகத் திறந்தே விட்டிருக்கிறேன். செஃபிக்சிம் ஐந்து நாள், மெட்ரோனிடசோல் ஐந்து நாள். வயிற்றைப் பிடுங்கினாலும் நிறுத்தாதே. காலையும் மாலையும் வாயைத் திறந்து விரலால் அளந்து பார்.

எனக்கு உன் ஊகம்மேல் நம்பிக்கை இல்லை. இரண்டு வருடம் கெட்டுக் கிடந்த பல், அடைப்பு உடைந்தது, சீழ் பிடித்தது. தினம் பார்க்கிற கதை. சிவப்பு மூடி எல்லாம் உன் மூளை போடுகிற கூத்தாக இருக்கும். இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கிளினிக் போகிற வழியில் சுடலைமாடன் பீடத்தில் வண்டியை நிறுத்தி விழுந்து கும்பிட்டேன். பரீட்சைக்குக்கூட நான் நின்றதில்லை.

இனி எழுதப்போவது அசிங்கம். ஒருவேளை ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், பழைய வேர் சிகிச்சை கெட்டுப்போனது என்று மட்டும் சொல். யார் திறந்தது, உள்ளே என்ன வைத்தது என்பதெல்லாம் வேண்டாம். பல்லில் இருந்ததைத்தான் நான் கழுவி எடுத்துவிட்டேனே. உன் குழாயைப் பற்றி நானும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். எழுதும்போதே இது பேரம் போலத் தெரிகிறது.

பேரம்தான்.

இந்த வாரம் பல் அனுப்பவில்லை. நேற்று இரண்டு பேருக்குப் பிடுங்க வேண்டியிருந்தது, அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டேன். கையை நம்ப முடியவில்லை.

செ.பா.

*

பாளையங்கோட்டை
17 ஜூன், செவ்வாய்

பாண்டி,

தட்டு கறுத்துவிட்டது.

இந்த வகைக் கிருமி வளர்ந்தால் கறுக்கும்படி ஊட்டத்தில் ஒரு பொருள் சேர்ப்போம். வியாழன் காலை அலமாரிக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. கருப்பட்டிப் பாகு நிறம். பிறகு வேலை செய்தேன். வேறு என்ன செய்வது?

வெள்ளி சேர்த்த தட்டுகள். சாதாரணக் கிருமி சாகும் அளவில் வளர்ந்திருந்தது. இரண்டு மடங்கில் வளர்ந்திருந்தது. பக்கத்திலேயே சிவப்பு மூடியிலிருந்து எடுத்ததையும் வளர்த்தேன். நான்கு மடங்கிலும் இரண்டும் வளர்ந்தன. எட்டு மடங்கில் இரண்டும் வளராமல் நின்றன. ஒரே படியில்.

என் கணிப்பு சரி. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால் சீழைவிட அருவருப்பாக இருக்கிறது.

மருந்து தோய்த்த காகித வட்டுகளையும் வைத்துப் பார்த்தேன். நீ கொடுத்த செஃபிக்சிமின் விளிம்புவரை வளர்ந்திருக்கிறது. வளையமே இல்லை. இந்தக் கிருமிக் குடும்பத்துக்கு அந்த வகை மருந்துகள் எதுவுமே ஏறாது. பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். நீயும் படித்தாய், நானும் படித்தேன். புதன்கிழமை சீட்டு எழுதிய உனக்கும் நினைவு வரவில்லை, அதை வாங்கிக்கொண்ட எனக்கும் வரவில்லை. ஆம்பிசிலின் வட்டைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம். இருபத்தொரு மில்லிமீட்டர். நேற்று மருந்துக்கடையில் அதன் வகை மாத்திரை வாங்கினேன். ஒரு மாத்திரை விழுங்க நான்கு வாய்த் தண்ணீர்.

உருண்டை இப்போது உருண்டையாக இல்லை. இடது தாடைக்கு அடியில் பலகை வைத்தது போல். நகரவில்லை. வாய் ஒன்றரை விரல் திறக்கிறது. நேற்று இரண்டு.

கண்ணாடிக் குழாய் கழுவும் இசக்கி அக்காவை உனக்குத் தெரியும். காலையில் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன கெசியாம்மா, வெத்தலையை ஒதுக்கி வச்ச மாரி நிக்கிய?" என்றாள். சிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டியை ஒட்ட நாடாச் சுருளை எடுத்து வாயில் வைத்தாள். கத்திவிட்டேன். ஒன்றரை விரலில் எவ்வளவு கத்த முடியுமோ அவ்வளவு.

சுருளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "நீங்கதான இப்பிடிக் கடிக்கணும்னு சொல்லித் தந்திய? கத்திரிய எடுத்தா நேரம் ஆவும்னு சொன்னதும் நீங்கதான. நான் கடிச்சா மட்டும் ஏன் இப்பிடி அலறுதிய?"

வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். "இதென்ன மாட்டுச் சந்தையா?" என்றாள். ஆனாலும் காட்டினாள். ஒரு பல்லில்கூடக் குழி இல்லை. அந்தச் சுருளைப் பிளீச்சில் போட்டேன். ஏன் என்று கேட்டாள். பழசாகிவிட்டது என்றேன். இன்னொரு பொய்.

முப்பதாம் தேதி ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். பதின்மூன்று நாள். நாளைவரை பார்க்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பல்வலி என்றுதான் சொல்வேன். சிவப்பு மூடியைச் சொன்னால் நான்காம் இயல் பொய் என்று சொல்ல வேண்டும். நான்காம் இயல் பொய் என்றால் மற்ற மூன்றையும் யார் நம்புவார்கள்? மருந்தைச் சொன்னால் நீ.

உன் பேரத்துக்குச் சம்மதம்.

படுத்தால் நாக்கு பின்னால் விழுவது போல இருக்கிறது. உட்கார்ந்தே இருக்கிறேன். இதையும் உட்கார்ந்துதான் எழுதினேன். நீட்டி எழுதினால் கொஞ்சம் பயம் குறைகிறது.

கெ.

*

முக்கூடல்
18.6.25, புதன், காலை 9.20

கெசியா,

அண்ணாச்சியின் வண்டி நேற்று சேரன்மகாதேவியில் நின்றுவிட்டது. உன் டப்பா இப்போதுதான் கைக்கு வந்தது. தடுப்பை எடுத்துவிட்டு ஆறு தடவை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்க மாட்டேன் என்றா, எடுத்தாலும் பேச முடியாது என்றா? இரண்டில் எது என்று தெரியவில்லை.

ஏட்டி, ஒன்றரை விரல் என்று எழுதிய அதே கையால் நாளைவரை பார்க்கிறேன் என்று எப்படி எழுதினாய்? உட்கார்ந்தே இருக்கிறேன் என்று ஏதோ பழக்கம் மாதிரி எழுதுகிறாய். மூச்சுக்குழாய்ப் பக்கம் வீக்கம் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். கிருமியைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. கழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

பேரம் கிடையாது. நான் எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எடுக்க முடியாது, தெரியும். ஆனாலும்.

இதைக் கேள். பல்லிலிருந்து கழுத்துக்கு இறங்கிய வீக்கம் என்று போய் நின்றால் முதலில் ஏற்றும் ஊசி பெரும்பாலும் செஃபிக்சிமின் வகைதான். பல்வலி என்று மட்டும் நீ சொன்னால் அதைத்தான் ஏற்றுவார்கள். அவர்கள்மேல் தப்பே இல்லை. ஏற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பார்ப்பார்கள். உன் தட்டில் அந்த மருந்துக்கு வளையம் விழவில்லை என்பது இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் நீ செத்துப்போவாய். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

கூட ஓர் உறை வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. படித்துப் பார். டாக்டர் கையில் கொடு. அண்ணாச்சி இதை எடுத்துக்கொண்டு நேராக உன் விடுதிக்கு வருகிறார். ஆட்டோ பிடித்து உன்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். என்ன விஷயம் என்று சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பில்லு பிறவு பாப்போம் வே, பிள்ளைய மொதல்ல பாப்போம்" என்றார்.

நாற்காலியில் ஓர் அம்மாவுக்குப் பாதி வேர் திறந்திருக்கிறது. மூடிவிட்டு உடனே கிளம்புகிறேன். எனக்கு முன்னால் அந்தக் காகிதம் போகட்டும். நான் அங்கே வந்து, டாக்டர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினால், சொற்களை மாற்றுவேன். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி என்னை வெளியே எடுத்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

பாண்டி

[உறைக்குள் இருந்தது]

அவசரப் பிரிவு மருத்துவர் அவர்களுக்கு,

கெசியா, வயது 29. இடது கீழ்க்கடைவாயின் 37ஆம் பல்லிலிருந்து தாடைக்கு அடியில் பரவும் தொற்று. வாய் ஒன்றரை விரல் மட்டும் திறக்கிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. மூச்சுப் பாதையை முதலில் கவனிக்க வேண்டுகிறேன்.

2.5.25 அன்று இந்தப் பல்லின் வேருக்குள் மருதுப் பட்டையைக் கொண்டு தயாரித்த வெள்ளி நுண்துகள் மருந்தை வைத்தேன். அது மனிதர்களுக்குப் பயன்படுத்த அனுமதி பெறாத ஆய்வுப் பொருள். அது எனக்குத் தெரியும். நோயாளியிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்கவில்லை. வைத்தது நான். 11.6.25 அன்று பல்லைத் திறந்து சீழை வடித்தேன். கிருமி எது என்று தெரியாமல் செஃபிக்சிம் கொடுத்தேன். அதனால் ஆறு நாள் வீணானது.

பல்லிலிருந்து எடுத்த கிருமி செஃபிக்சிம் உள்ளிட்ட செஃபாலோ வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாது. சோதனை விவரம் நோயாளிக்குத் தெரியும்.

என் பதிவு எண்ணும் கைப்பேசி எண்ணும் கீழே உள்ளன. எந்த விசாரணைக்கும் வருவேன்.

மா. செந்தூர்பாண்டி, பல் மருத்துவர், முக்கூடல்

*

18 ஜூன், மத்தியானம்

பாண்டி,

ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பேச முடியவில்லை. நர்ஸ் பேனா தந்தார். நீ வந்ததும் இதை உன்னிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் நீ வரும்போது நான் உள்ளே இருப்பேன்.

உறையை ஆட்டோவில் படித்தேன். இரண்டு முறை. பிறகு மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கொடுக்கக் கூடாது என்றுதான். உனக்காக என்று சொல்லிக்கொண்டேன். உனக்காக இல்லை. உன் தாளில் "சோதனை விவரம் நோயாளிக்குத் தெரியும்" என்று ஒரு வரி இருக்கிறதே. அதற்கு அடுத்து என்னைத்தான் கேட்பார்கள்.

என்ன ஆச்சு என்றார் டாக்டர். சின்ன வயசு. அண்ணாச்சி முந்திக்கொண்டு, "பல்லு வலிங்கய்யா, முப்பத்தேழாம் நம்பர் பல்லு" என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டேன் பாண்டி.

ஊசி போடப் புட்டியைக் கொண்டுவந்தார்கள். பெயரைப் படித்தேன். நீ எழுதியபடியேதான். செஃபாலோ வகை. நர்ஸ் என் கையில் நரம்பைத் தேடிக்கொண்டிருந்தார். என் கண்ணுக்குத் தட்டு தெரிந்தது. அந்த வட்டு. அதன் விளிம்புவரை ஏறி நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட விலகவில்லை.

நர்ஸின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்" என்றார். விடவில்லை. இன்னொரு கையால் உறையை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து. "சோதனை யார் செஞ்சது?" என்றார். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தாளை என் மடியில் வைத்தார். உன் கையெழுத்துக்குக் கீழே நான்கு விரல் இடம் இருந்தது. அதில் எழுதினேன். கிருமி எங்கிருந்து வந்தது. எத்தனை சுற்று, பழக்கியது யார். எந்த ஃப்ரிட்ஜில், எந்த வரிசையில் இருக்கிறது. ஆய்வேட்டில் இருப்பது பொய். நாடா. எந்த மருந்துக்கு வளையம் விழவில்லை, எதற்கு எத்தனை மில்லிமீட்டர். இடம் போதவில்லை, ஓரத்தில் திருப்பி எழுதினேன். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பச் சொல்லி என் போனை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அனுப்பிவிட்டார். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் வரவில்லை.

டாக்டர் உடனே புட்டியை மாற்றச் சொன்னார். ஆம்பிசிலின். இப்போது சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் வீக்கம் அதற்குக் காத்திருக்காது என்கிறார்கள். வெட்டி வடிக்க வேண்டுமாம். வாய் வழியாகக் குழாய் போகாவிட்டால் கழுத்தில் துளை போடுவார்களாம். எங்கே என்று பேனாவால் கோடு போட்டிருக்கிறார்கள். பார்க்க முடியவில்லை, ஈரம் மட்டும் தெரிகிறது.

பயமாக இருக்கிறது. கிருமிக்கு இல்லை. குழாய்க்கு இல்லை. அந்த மயக்கத்துக்கு. மூச்சை நான் பார்த்துக்கொள்ளாமல் விட்டுவிடுவதற்கு. நேற்று முழுக்க ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்திருக்கிறேன்.

அம்மா ராதாபுரத்தில் பஸ் ஏறிவிட்டாளாம். வர நேரமாகும். அதுவரை வெளியே யார் இருப்பார்கள் என்று நர்ஸ் கேட்டார். உன் பெயரை எழுதிக் காட்டினேன்.

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

நண்பன் என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டு எழுதினேன்: இந்த மருந்தை வைத்தவர்.

அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க" என்றார்.

வா.